அலையாத்திக்குப் போட்ட முள்வேலி

வாடையை முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். உப்பு லாரி ஓட்டுகிறவர். டீசல் புகையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு அப்படியொரு மூக்கு எப்படி வாய்த்ததோ தெரியாது. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னா ஸ்டெல்லா, கருவாடு எங்கனா வச்சிட்டு மறந்துட்டியா?"

கடலோர ஊரில் இது ஒரு வசதி. எது அழுகினாலும் பழியை மீன்மேல் போட்டுவிடலாம். அடுப்படி, கட்டிலடி எல்லாம் தேடினேன். நாற்றம் நான் போன இடமெல்லாம் கூடவே வந்தது. கடைசியில் வீட்டுக்குள் போடுகிற செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே தோல் வெளுத்து ஊறிக் கிடந்தது. நடுவில் சின்னத் துளை. அமுக்கினேன், சீழ் வந்தது. வலிக்கவே இல்லை.

நான் மரக்காணம் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை நைலான் இழையால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பது என் வேலை. தெரியாவிட்டால் நியூரோபதி (நரம்பு மரத்துப்போதல்) என்று எழுதுவேன். வெறுங்காலோடு வருகிறவர்களைத் திட்டுத் திட்டென்று திட்டுவேன். எனக்கும் ஏழு வருடமாகச் சர்க்கரை இருந்தது. அந்த இழையை என் பாதத்தில் ஒரு நாள்கூட வைத்துப் பார்த்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

முள் எப்படி ஏறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கழுவெளி என்கிற உப்பங்கழி ஓரத்தில், கைவிடப்பட்ட உப்பளங்களுக்குப் பக்கத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கே உரிய அலையாத்தி மரங்களையும் உமரிச் செடியையும் மறுபடி கொண்டுவர வேண்டும் என்று ஆரம்பித்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உப்பளப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கரையிலேயே எல்லோருக்கும் பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பேன். பிறகு சேற்றில் இறங்குவோம். அந்தச் சேறு செருப்பை விழுங்கிவிடும் என்பதால் எல்லோரும் வெறுங்காலோடுதான் இறங்குவோம். நானும்தான்.

முதல் வருடம் நட்டதையெல்லாம் ஆடுகள் மேய்ந்துவிட்டன. கம்பி வேலிக்கு வழியில்லை. வெட்டிப் போட்ட கருவேல முள்ளையே சுற்றிலும் அடுக்கலாம் என்றேன். இங்கே வயலுக்கும் கொல்லைக்கும் காலங்காலமாகச் செய்கிற வேலைதானே. ஆனால் வயல் மண்ணில் முள் போட்ட இடத்திலேயே கிடக்கும். இங்கே தண்ணீர் ஏறி இறங்கும்போதெல்லாம் முள்ளை இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றுக்குள் புதைத்தது. இருபத்தாறு வருடம் அந்தத் தண்ணீரைப் பார்த்தவளுக்கு இது தோன்றவில்லை.

ஒரு ஞாயிறு செல்வி அலறினாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள், எங்கள் குழுவில் கெட்டிக்காரி.

"ஐயோ சிஸ்டர், முள்ளு ஏறிடுச்சு! உயிர் போவுது!"

கரையில் உட்காரவைத்து முள்ளைப் பிடுங்கி, கழுவி, ஊசி போட்டேன். "இதுக்குப் போயி இப்டி கத்துறியே" என்று கேலி வேறு செய்தேன். அன்றைக்குத்தான் எனக்கும் ஏறியிருக்க வேண்டும். வலித்தவள் நாலாம் நாள் வேலைக்குப் போனாள். வலிக்காத நான் எட்டு நாள் அந்தக் காலோடு நடந்தேன்.

சீழைப் பார்த்த பிறகாவது புத்தி வந்திருக்கலாம். வரவில்லை. நர்ஸ் என்கிற திமிர். நானே மருந்து கட்டினேன், நானே மாத்திரை போட்டேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. எலும்பும் கம்பியும்தான் எக்ஸ்ரேயில் தெரியும். முள் பெரும்பாலும் தெரியாது. இதைப் படிக்கிற உங்களுக்குச் சர்க்கரை இருந்தால், எக்ஸ்ரே சுத்தம் என்று யார் சொன்னாலும் ஸ்கேன் செய்யலாமா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆளும் பதில் சொல்ல வேண்டிய ஆளும் நானாகவே இருந்தேன்.

மூன்றாம் வாரம் குளிர்க் காய்ச்சல் வந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சிஸ்டர், இதே கால் உங்க பேஷன்ட்டோடதா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"அன்னைக்கே அட்மிட் ஆவச் சொல்லியிருப்பேன் மேடம்."

அவர் தலையாட்டிவிட்டு அட்மிஷன் சீட்டை எழுதினார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டிப்ரைட்மென்ட் (செத்த சதையை வெட்டி எடுப்பது) செய்தார்கள். உள்ளேயிருந்து வந்த முள்ளைக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள். விரல் கணு நீளம்கூட இல்லை. அதற்குள் ஆஸ்டியோமைலிடிஸ் (எலும்புக்குள் சீழ் பிடிப்பது) வந்திருந்தது. முதலில் பெருவிரலை எடுத்தார்கள். அது போதவில்லை. பக்கத்து விரல்கள் கறுத்தன. பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். சம்மதப் படிவத்தை நீட்டிய நர்ஸ் பெண், "சும்மா ஒரு சைன் மட்டும்தான்மா" என்றாள். எத்தனையோ பேரிடம் இதே வார்த்தையைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இவ்வளவு கேவலமான வார்த்தை அது என்று அப்போதுதான் தெரிந்தது.

செல்வி பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்றுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன்.

"ஆடு மேஞ்சிடுச்சு சிஸ்டர். உங்களுக்கு இப்டி ஆனதும் முள்ளைத் தொடவே எல்லாருக்கும் பயம். இருந்த வேலியையும் பொறுக்கிக் கொளுத்திட்டாங்க."

"எதுனா மிச்சம் இருக்குதா?"

"ஓரமா கொஞ்சம் இருக்குது" என்றாள். பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. கால் போனதற்கு நான் அழவில்லை. அன்றைக்கு அழுதேன்.

இப்போது செயற்கைக் கால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். உட்கார்ந்து மாத்திரை கொடுக்கிற இடத்துக்கு என்னை மாற்றிவிட்டார்கள். அடுத்த அறையில் புது நர்ஸ் நோயாளிகளை மிரட்டுவது கேட்கும். "மாத்திர போடலன்னா ஸ்டெல்லா சிஸ்டர் மாதிரி காலை எடுத்துருவாங்க, பரவாயில்லயா?" அந்த ஆளே மாத்திரை வாங்க என் ஜன்னலுக்கு வந்து, மேஜைக்கு அடியில் எட்டிப் பார்ப்பான். கோபம் வரும். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பதால் அதை விழுங்கிக்கொள்வேன்.

காலை எடுத்த மூன்றாம் வாரம், வீட்டுக்கு வந்த பிறகு, வலி ஆரம்பித்தது. ஃபேன்டம் பெயின் (இல்லாத உறுப்பில் தெரியும் வலி) என்று டாக்டர் விளக்கினார், மாத்திரையும் எழுதினார். விளக்கம் புரிந்தது. ஆனாலும் பெருவிரலுக்குக் கீழே யாரோ முள்ளை வைத்து மெதுவாக அழுத்துகிறார்கள். ஏழு வருடத்தில் தெரியாமல் போனதெல்லாம் சேர்ந்து இப்போது தெரிகிறது. கிழமை, தேதி எல்லாம் மறந்துபோகிறது. வலி வருவதற்கு முன், வந்ததற்குப் பின் என்று இரண்டு நேரம்தான் இருக்கிறது.

ஒரு மத்தியானம் கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தேன். கணவர் காப்பியோடு வந்து, கட்டில் முனையில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"ஐயோ, காலு! காலு மேல உக்காந்துட்டீங்க!" என்று அலறிவிட்டேன்.

அவர் துள்ளி எழுந்தார். காப்பி கொட்டியது. இரண்டு பேரும் போர்வையைப் பார்த்தோம். அவர் உட்கார்ந்த இடத்தில் அது தட்டையாகக் கிடந்தது. "நசுங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. இப்போதெல்லாம் அவர் அந்தக் கட்டிலில் உட்காருவதில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.