வாசல் எந்தப் பக்கம்?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாரிக்காலம். லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக் குசினியில் மனைவி புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது, மகள் தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். பெடியன் பிலிப்பைன்ஸ்காரன், விமானம் திருத்துகிற வேலை, எங்களைப் போலவே கத்தோலிக்கன். கடைசி விவரத்தை அவள் சற்று அழுத்தித்தான் சொன்னாள். அதோடு நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பாள்.

நான் அடங்குகிற ஆள் இல்லை. லண்டனில் எங்கள் ஆட்களுக்கு மாப்பிள்ளை விசாரிக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன், நேரம் நிறையக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் எந்த ஊர், தகப்பன் பெயர் என்ன என்று சொன்னால் போதும். டொரொண்டோவுக்கு, பாரிசுக்கு, ஊருக்கு என்று போன் போட்டு, பெடியன் ஒளித்துச் சிகரெட் பிடிக்கிறானா என்பது வரைக்கும் அறிந்து சொல்லிவிடுவேன். சொந்த மகள் விஷயத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஆற்றை பிள்ளை, தகப்பன் ஆர், எந்த ஊர்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். அல்பாய் மாகாணம் என்றாள். அது வடக்கா தெற்கா என்றுகூட எனக்குத் தெரியாது.

என் பயத்தை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நாட்டில் விவாகரத்து லேசில் கிடைக்காது, ஆகவே ஊரில் ஒருத்தியை விட்டுவிட்டு வெளிநாட்டில் இன்னொருத்தியைக் கட்டுகிறவர்கள் உண்டு என்று யாரோ ஒரு பிறந்தநாள் விழாவில் சொல்லிக் கேட்டிருந்தேன். எங்கள் ஆட்களிலும் அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும், அது வேறு கதை. என் பிள்ளை ஏமாந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு.

ஆகவே படிக்கத் தொடங்கினேன். அல்பாய் லூசோன் தீவின் தென்கிழக்கு வாலில் கிடக்கிறது. நடுவில் கூம்பு போல ஓர் எரிமலை. நெல், தென்னை, பிறகு அபக்கா என்று வாழை இனத்தில் ஒரு செடி. அதன் நாரில் திரித்த கயிற்றைத்தான் ஒரு காலத்தில் உலகமெல்லாம் கப்பல்களுக்கு வாங்கினார்களாம். ஸ்பானியர் ஆண்டபோது ஒரு பெயர்ப் பட்டியலிலிருந்து ஊர் ஊராகக் குடும்பப் பெயர்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில், அவர்கள் அனுப்புகிற காசில்தான் வீடுகள் எழும்புகின்றன. "எங்களை மாதிரித்தான் கிடக்கு" என்றாள் மனைவி. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கோயில் பங்கிலுள்ள பிலிப்பைன்ஸ் பெண்மணி ஒருவரைப் பிடித்தேன். பெடியனின் குடும்பப் பெயரைச் சொன்னதும் அவர் ஊரைச் சொல்லிவிட்டார். மகள் சொன்ன அதே ஊர். இந்தப் பெயர்க்காரர் முழுக்க அந்தப் பக்கம்தானாம். அட, இது யாழ்ப்பாணம் மாதிரியே விசாரிக்க வசதியான இடமாக இருக்கிறதே என்று எனக்குப் பெரிய தெம்பு வந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. தெம்பு போய்ச் சந்தேகம் திரும்பவும் வந்து உட்கார்ந்தது.

பெடியனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். நண்டுக் கறியைக் கையாலேயே உடைத்துச் சாப்பிட்டான். எதற்கும் பணிவாகப் பதில் சொன்னான். பணிவு கூடினாலும் எனக்குச் சந்தேகம்தான். உன் வீடு எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். போனில் செய்மதிப் படத்தைப் பெரிதாக்கி, ஓர் இடத்தில் விரலை வைத்து, சட்டென்று எடுத்துவிட்டான். நான் விடவில்லை. கோயில் கலியாணத்துக்கு ஞானஸ்நான அத்தாட்சி வேண்டும் என்றேன். தன் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம் பதிந்த புத்தகங்கள் இப்போது இல்லை என்றான். மணமாகாதவன் என்று அரசாங்கம் கொடுத்த பத்திரம் மட்டும் இருக்கிறதாம். கடதாசி எங்கேயும் எடுக்கலாம். நானே இந்த நாட்டுக்கு எந்தக் கடதாசியில் வந்தேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அவன் போனதும் அந்த இடத்தைக் கணினியில் தேடிப் பிடித்தேன். வீடு இல்லை. வீதிகூட இல்லை. சாம்பல் நிறத்தில் கல்லும், காய்ந்த ஆறு ஒன்றும்தான். பொய்க்காரன் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அடுத்த ஞாயிறு திரும்பவும் கூப்பிட்டேன். படத்தை அச்செடுத்து வைத்திருந்தேன். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் அதை விரித்து, "இதிலே வீடு எங்கே தம்பி?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்பா, நீங்கள் கலியாணம் பேசுறீங்களோ, கேஸ் விசாரிக்கிறீங்களோ?"

பெடியன் அவளைக் கையமர்த்திவிட்டு மெதுவாகச் சொன்னான். அவன் மணிலாவில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு புயல் வந்ததாம். கொட்டிய மழையில் மலைச்சரிவில் கிடந்த சாம்பலும் கல்லும் சேறாகி இறங்கி, ஊரை மூடிவிட்டனவாம். வீடு, கோயில், கோயிலில் இருந்த புத்தகங்கள், தாய், தகப்பன், தங்கை. அவன் போய்ச் சேர்ந்தபோது தென்னைகளின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தனவாம்.

அந்த இடத்தில் மனிதனாகப் பிறந்தவன் வாயை மூடியிருக்க வேண்டும். நான் மூடவில்லை. "அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டேன்.

மனைவி கறிச்சட்டியை மேசையில் வைத்தாள். "இஞ்சருங்கோ, இப்ப நீங்கள் ஊரிலை இருந்த உங்கடை வீட்டைப் போனிலை காட்டுங்கோ பாப்பம்" என்றாள். குரலை உயர்த்தவேயில்லை.

என் ஊர் யாழ்ப்பாணத்தின் வடகரையோரம். இராணுவம் எடுத்து, வீடுகளை இடித்து, வேலி போட்ட இடம். அகதி விண்ணப்ப நேர்காணலில் ஓர் அதிகாரி வரைபடத்தை விரித்து, நீ சொல்கிற இடத்தில் வீடுகளே இல்லையே, என்ன ஆதாரம் என்று இதே மாதிரித்தான் கேட்டான். அந்த ஒரு கேள்வியால் என் வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. அவ்வளவு காலமும் கைக்குழந்தையோடு கொழும்பு லொட்ஜில் கிடந்தவள் என் மனைவி. அந்தக் குழந்தைதான் இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் கண்கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெடியனின் போனை வாங்கி, என் ஊரைத் தேடி, பற்றைக்காடு ஒன்றில் விரலை வைத்தேன். இதுதான் என் வீடு என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். ஆதாரம் கேட்கவில்லை. பரிதாபப்படவும் இல்லை. "வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

கிழக்கு என்றேன். காலை வெயில் விறாந்தையைக் கடந்து உள்ளே வந்து இயேசு இருதயநாதர் படத்தின் கீழ் விழும் என்றேன். பிறகு, உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்றேன். மலையைப் பார்த்து என்றான். தாய் விடிய எழும்பிக் கதவைத் திறப்பாராம். மேகம் மூடாமல் மலை முழுதாகத் தெரிந்தால்தான் அன்றைக்கு உடுப்புத் தோய்ப்பாராம். அதற்குள் சோறு ஆறிவிட்டது.

ஞானஸ்நானத்தை நேரில் கண்ட ஒருவர் சத்தியம் செய்து சொன்னாலே போதும் என்றார் எங்கள் பாதிரியார். பிறகென்ன, நமக்குத் தெரிந்த தொழில்தானே. பங்கிலுள்ள அந்தப் பெண்மணியில் தொடங்கி, அவருடைய மச்சாள், மச்சாளின் அயலவர் என்று போன் போட்டுப் போட்டு, ஞானஸ்நானத்தன்று பெடியனைக் கையில் ஏந்திய ஞானத்தாயைக் கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்து ஊரில் உயிரோடு இருந்தார். வீடியோவில் அவனைக் கண்டதும் அழுதார். அழுது முடிந்ததும் என் பக்கம் திரும்பி, எந்த நாடு, என்ன குடும்பம், குடிப்பீரா என்று என்னை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்! பெண் வீட்டாரை நம்பலாமா என்று அவருக்குச் சந்தேகமாம். எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னேன்.

இப்போதும் மாப்பிள்ளை விசாரிக்கச் சொல்லி எனக்குப் போன் வரும், நானும் விசாரிக்கிறேன், பிறவிக் குணம் எங்கே போகும்? ஆனால் இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருடங்களில், இல்லாமல் போன என் வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டவன் என் மருமகன் ஒருவன்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம், ஆதாரம் என்ன என்று அவனிடம் நான் கேட்ட கேள்வி இன்னமும் என்னை முள்ளாகக் குத்துகிறது.