தலையாட்டினால் தமிழ்

“என் கணக்குல தமிழ் தெரியாத ஆள் ஒருத்தரக் காட்டிட்டா, வாத்தியார் வேலைய விட்டுட்டுச் சிறுமலைக்குப் போயி வாழைத்தார் சுமக்குறேன்!”

1961 பிப்ரவரியில், திண்டுக்கல் ரயிலடி டீக்கடையில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் பவுல்ராஜ் இப்படி முழங்கினார். ஆரம்பப் பள்ளி ஆசிரியரான அவரிடம் அரசாங்கம் ஒரு பையையும் கட்டுக்கட்டாகச் சீட்டுகளையும் கொடுத்து, ரயில்வே லைன் வீடுகளை எண்ணி வரச் சொல்லியிருந்தது. பையை மாட்டிய நாள் முதல் அவர் நடையே மாறிவிட்டது. டீயைக்கூட அரசாங்கத்தின் சார்பாகவே குடித்தார்.

லைன் வீடுகளில் இருந்தவர்கள் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன்கள்; பலர் ஆந்திராவில் குண்டக்கல் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர்கள். பகலில் ஆண்கள் வேலைக்குப் போய்விட, பெண்கள்தான் வாசலுக்கு வந்தார்கள். தாய்மொழிக் கேள்வி வந்ததும் பவுல்ராஜ், “தமிழ்தானம்மா?” என்பார். அந்தப் பெண் தலையாட்டுவாள். ‘தமிழ்’ என்று முத்துமுத்தாக எழுதுவார். வேலை பறந்தது. பாரத அரசாங்கத்துக்கு இத்தனை ஒத்துழைப்புத் தரும் தெரு வேறெங்கும் இராது என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

அந்த நெகிழ்ச்சியில் மண்ணைப் போட்டவள் அவருடைய தங்கை ஜெயமேரி. பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. லைன் வீட்டுப் பெண்கள் அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஒன்றையும் செய்யாமல் இருந்தார்கள். வலி கண்டதும் ஆளனுப்பச் சொன்னால், பிள்ளை பிறந்த பிறகு ஆள் வரும். போன மாதம் ரத்தப்போக்கில் கிடந்த ஒரு தாயைப் பிழைக்கவைப்பதற்குள் ஜெயமேரிக்கு உயிர் போய் உயிர் வந்தது. தெலுங்கு பேசும் ஆயா ஒருத்தி வேண்டுமென்று மேலதிகாரியிடம் கேட்டாள். கணக்கெடுப்பில் அங்கே எத்தனை பேர் தெலுங்கு என்று வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

“எம்புட்டுப் பேருண்ணே?” என்று ஆசையாகக் கேட்டாள் ஜெயமேரி.

“ஒருத்தருமில்ல.”

“நரசம்மா?”

“கடைசி வீட்டுல மாசமா இருக்கே, அந்தப் பொண்ணா? சுத்தத் தமிழு. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுச்சு.”

“என்ன சொல்லுச்சு?”

பவுல்ராஜ் யோசித்தார். “தலையாட்டுச்சு.”

“நல்லாக் கெடுத்த போ! கிளம்பு எங்கூட.”

வாசலில் இருவரையும் கண்டதும் நரசம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பவுல்ராஜ் தொண்டையைச் செருமினார். “சௌக்கியமாம்மா?”

தலையாட்டினாள்.

“பாத்தியா?”

“செத்த இருண்ணே. தலையாட்டக் கூடாத கேள்வியாக் கேளு.”

“ஏம்மா, உனக்கு நூறு வயசா?”

தலையாட்டினாள்.

“வீட்டுக்குள்ள யானை கட்டியிருக்கியா?”

இன்னும் மரியாதையாகத் தலையாட்டினாள்.

“இந்த வாத்தியாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?” என்றாள் ஜெயமேரி.

இதற்கு நரசம்மா தயங்காமல் இருமுறை ஆட்டினாள்.

ஜெயமேரி சிரித்தாள். பவுல்ராஜ் சிரிக்கவில்லை. நரசம்மாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. வலி வந்தால் ஆளனுப்பச் சொன்னபோதும் இந்தத் தலை இப்படித்தானே ஆடியிருக்கும்!

மார்ச் தொடக்கத்தில் கணக்கெடுப்பாளர்கள் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு முறை வீடுவீடாகப் போகவேண்டும். பிறந்தவரைச் சேர்ப்பதும் இறந்தவரை நீக்குவதும்தான் வேலை. மரநிழலில் உட்கார்ந்தே அதை முடித்த புண்ணியவான்களும் உண்டு. பவுல்ராஜ் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நரசம்மாவின் கணவன் எல்லப்பாவைப் பிடித்து, ஒரே ஒரு தெலுங்குக் கேள்வியைக் கற்றுக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அதையே முணுமுணுத்தார்.

காலையில் கடைசி வீட்டு வாசலில் நின்று, வேர்த்து விறுவிறுத்து, அதைக் கேட்டார். “மீ பாஷ ஏமிட்டம்மா?”

நரசம்மாவின் தலை ஆடவில்லை. வாய் திறந்தது. “தெலுகு” என்றாள். பிறகு இடுப்பைத் தொட்டுக் காட்டினாள், வயிற்றைக் காட்டினாள், ஆஸ்பத்திரி இருக்கும் திசையைக் காட்டினாள். இத்தனை மாதமும் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினாள். ஒரு சொல்லும் விளங்காத பவுல்ராஜ் மரியாதையாகத் தலையாட்டினார்.

பிறகு படியில் உட்கார்ந்து அவளுடைய சீட்டைத் தேடி எடுத்து, ‘தமிழ்’ என்பதை அடித்து, மேலே ‘தெலுங்கு’ என்று எழுதினார். மை காயும்வரை ஊதிவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.