கண்ணாடிக் கதவுக்கு வெளியே

எங்கள் இத்தாலிய நகரத்தின் போர்கோ வெக்கியோ பகுதியில் நாங்கள் உதைபந்தாட்டம் பார்க்கும் கோப்பிக் கடையில், ஆட்டம் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுகிறவர் அவர். கட்டையான மனிதர். கழுத்தில் எங்கள் அணியின் இளஞ்சிவப்பும் கறுப்புமான சால்வை. முதுகைக் கண்ணாடிக் கதவுக்குக் கொடுத்தபடி தெருவைப் பார்த்து நிற்பார்.

எங்கள் நகர அணி மேல் பிரிவுக்கு ஏறுமா என்று தவித்த வருடம் அது. முன்னணி ஆட்டக்காரர்கள் கோல் அடிப்பதையே மறந்திருந்தார்கள். ஒருநாள் இவர் சிகரெட் பிடிக்க வெளியே போன நேரம் எங்கள் அணி ஒரு கோல் அடித்தது. அடுத்த வாரமும் அப்படியே. அதன் பிறகு கடையில் ஒருவரும் அவரை உள்ளே இருக்க விடவில்லை. அவரும் கேட்கவில்லை.

கடைசி ஆட்டம். வென்றால்தான் ஏறலாம். எண்பது நிமிடமாகியும் கோல் இல்லை. வெளியே மழை. என்னால் பொறுக்க முடியவில்லை, கதவைத் திறந்தேன்.

"அண்ணை, நனையிறியள். உள்ளுக்கு வாங்கோ."

"கதவைச் சாத்தும் தம்பி," என்றார், திரும்பாமலே. "எங்கடையாக்கள் இண்டைக்கு ஒண்டு அடிச்சாக் காணும்."

"ஒரு கோலையாவது கண்ணாலை பாக்க ஆசையில்லையோ?"

"ஆசை இருக்கிறபடியாத்தான் இஞ்சை நிக்கிறன்."

சாத்தினேன். சில நிமிடங்களில் கடையே அதிர்ந்தது. கட்டிப்பிடித்துக் கூத்தாடியதில், ஆட்டம் முடியும்வரை அவரை ஒருவரும் நினைக்கவில்லை. நான் வெளியே போனபோது, சால்வையில் நீர் சொட்ட, அதே இடத்தில் நின்றார்.

"எந்தக் காலாலை அடிச்சவன்?"

நான் கவனித்திருக்கவில்லை. "இடக்கால்," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லத் தலையாட்டினார்.

அது எந்தக் கால் என்று நான் இன்றுவரை தேடிப் பார்க்கவில்லை.