ஒட்டிப்போன கிளட்ச் பிளேட்டுகள்

மகன் மறைந்து பத்து மாதங்களுக்குப் பின், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றிருந்த அவனுடைய பழைய டர்ட் பைக்கை ஓடவைத்தே தீர்வது என்று முடிவு செய்தேன். நான் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். இளமையில் பைக் ஓட்டியவன்.

புதிய பெட்ரோல் ஊற்றி இன்ஜினை இயக்கினேன். கிளட்ச் லீவர் தடையின்றி வந்ததால், அதை அழுத்திப் பிடித்தபடி முதல் கியரைப் போட்டேன். வண்டி துள்ளிப் பாய்ந்து, வாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆமினாவை ஒரு சாண் இடைவெளியில் கடந்து மதிலில் முட்டி நின்றது.

"சாரே, என்னைக் கொல்லணும்னு நேர்ச்சை நேர்ந்திருக்கீங்களா?" என்றார் அவர்.

மகனுக்குப் பழக்கமான மெக்கானிக் பள்ளுருத்தியிலிருந்து வந்து இன்ஜினின் பக்க மூடியைத் திறந்தார். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன; லீவரை அழுத்தியும் இன்ஜினின் விசை சக்கரத்துக்குப் போனது அதனால்தான்.

"லீவர் வந்தாப் போதுமா சாரே, உள்ளே பிளேட் பிரிய வேண்டாமா? சும்மா நிறுத்தினா உங்க மோன் லீவரை இழுத்துத் துணியால கட்டி வைப்பானே, பிளேட் ஒட்டாம இருக்க. அது எங்கே?"

அவன் மறைந்த சில நாட்களிலேயே, அழுக்குத் துணி என்று அதை அவிழ்த்து எறிந்தவன் நான்தான். எதற்காகக் கட்டுகிறாய் என்று அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

பிளேட்டுகளைப் பிரித்துத் துடைத்து, புதிய ஆயில் ஊற்றினோம். இப்போது நிறுத்தும்போதெல்லாம் லீவரை நானே கட்டுகிறேன். எடுக்கும்போது, இன்ஜினை இயக்குமுன் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்க்கிறேன். சக்கரம் தாராளமாக உருண்டால் ஆமினாவுக்குக் குரல் கொடுக்கிறேன்.

"மீன்காரனையும் உள்ளே கூப்பிட்டாச்சு, எடுங்க சாரே!" என்று ஜன்னலிலிருந்து பதில் வந்த பிறகே கிக் ஸ்டார்ட்டரை உதைக்கிறேன்.