கருவேலங்கட்டைக் குமிழ்

என் தாய்மாமா பொய்யே சொல்லமாட்டார் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அது உண்மைதான். சொல்ல வேண்டிய பொய்யை அவர் என்னைக் கொண்டு சொல்லவைப்பார். அப்போது எனக்கு ஒன்பது வயது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம் எனக்கு. அந்த முகம் மாமாவின் தொழிலுக்கு மிகவும் உபயோகப்பட்டது.

மூக்கண்டப்பள்ளியில் வாட்டர் டேங்குக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். மாமா எங்களோடுதான் இருந்தார். கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பின்னறையில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களோடு உட்கார்ந்துவிடுவார். காயலான் கடையில் இரும்போடு இரும்பாகக் கிடந்தது, கலைந்துபோன ஆர்கெஸ்ட்ராக்காரர் வீட்டுக் கட்டிலுக்கடியில் கரப்பான் குடியிருந்தது, சர்ச் ஸ்டோர் ரூமில் கழுத்து ஒடிந்து நின்றது என்று எங்கெங்கிருந்தோ கொண்டுவருவார். கழற்றி, துடைத்து, ஒயர் மாற்றி, பற்றவைத்து அதற்கு மறுபடி குரல் வரவழைப்பார். பிறகு பெங்களூரிலிருந்து யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். "கேக்க நாதியில்லாம கெடக்குறத எடுத்துக் காப்பாத்தறேன், இது புண்ணியம்" என்பார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

ஒருநாள் அவருடன் வேலை செய்யும் அஞ்செட்டிப் பக்கத்து ஆள் ஒருவர், சொந்தக்காரர் வீட்டுப் படையல் படத்தைப் போனில் காட்டியிருக்கிறார். இறந்துபோன பையனின் போட்டோ, மாலை, முன்னால் வாழையிலையில் கோழிக்குழம்பும் களியும் ஆரஞ்சு கலர் பாட்டிலும். ஓரமாக, சாமிக்கு வைப்பதுபோல் பொட்டு வைத்து, கரிப்பிடித்த கிட்டார் ஒன்று. பார்த்தவர்கள் எல்லாரும் போட்டோவில் இருந்த பையனைப் பார்த்து உச்சுக்கொட்டியிருப்பார்கள். மாமா கிட்டாரின் தலைப்பகுதியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஜப்பானில் செய்தது, இப்போது தேடினாலும் கிடைக்காது என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று தடவை சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தேன்கனிக்கோட்டை வரை ஒரு பஸ், அஞ்செட்டி வரை ஒரு பஸ், அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்து நாட்றாம்பாளையம் பஸ். காட்டு வளைவுகளில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். நடுநடுவே ஒத்திகை நடந்தது.

"அந்தப் பையனோட அப்பா, பெரியவரு, கேட்டா என்னா சொல்லுவ?"

"கிட்டார் கத்துக்கணும்னு ஆசையா இருக்குது."

"இன்னொரு வாட்டி சொல்லு. கொஞ்சம் அழுவுற மாதிரி."

வாந்தி எடுத்த முகத்துக்கு அழுகை தனியாகத் தேவைப்படவில்லை.

ராகிக் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு அது. பையனின் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் என் வசனத்தைச் சொன்னேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போனார். அடுப்புக்கு நேர் மேலே, விதைச் சோளக்கதிர்களோடு சேர்த்து, புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் கிட்டாரை. அவர் கயிற்றை அவிழ்த்தபோது உள்ளே அடுப்பு ஊதும் குழலின் சத்தம் நின்றது. அவருடைய மனைவி கடைசிவரை வெளியே வரவில்லை.

கரையான் பிடிக்காமலிருக்கப் புகை. துருப்பிடிக்காமலிருக்க விளக்கெண்ணெய். வண்டி அச்சுக்குப் போடுவதுபோல் கம்பி, திருகாணி, காந்தக்கட்டை என்று ஓரிடம் விடாமல் எண்ணெய் பூசியிருந்தார். சத்தம் கூட்டும் குமிழ் ஒன்று உடைந்துபோயிருந்ததால், கருவேலங்கட்டையில் அவரே ஒன்று செதுக்கி, காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு மாட்டியிருந்தார். பம்பரத்தின் தலைபோல் வழவழவென்று இருந்தது அது. மாமா அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டுப் பார்த்து, வாய்க்குள்ளேயே 'அடப்பாவமே' என்றார்.

"ஒரு பொங்கலுக்கு எடுத்துக்கினு வந்தான் தம்பி" என்றார் பெரியவர். "தட்டினா கொசு கத்துற மாதிரி கிய்யினு ஒரு சத்தம். இதுக்கா இவ்ளோ காசக் கொட்டுனேன்னு திட்டுனேன். 'இதுக்கு ஒரு பொட்டி இருக்குதுப்பா, அதுல மாட்டுனாத்தான் வாயத் தொறக்கும், அடுத்த வாட்டி வர்றப்போ எடுத்தார்றேன்'னு சொன்னான்."

அடுத்த வாட்டி அவனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்களாம். ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவன், பைபாஸில் லாரி. அது நடந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

மாமா கொடுத்த பணத்தை அவர் தொடவில்லை. "சரி பண்ணி, பாப்பா கத்துக்கட்டும். ஆடியில படையல் வருது. அன்னிக்கு அந்தப் பொட்டியோட எடுத்தாந்து ஒரே ஒரு வாட்டி வாசிச்சா போதும். அவனுக்கும் கேக்கும், எனக்கும் கேக்கும். வருவீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். "வர்றோம் தாத்தா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க வீடு மூக்கண்டப்பள்ளி வாட்டர் டேங்க் பின்னாடி, பச்ச கேட்டு" என்றும் சொல்லிவைத்தேன். மாமா என் முதுகில் கிள்ளினார். எதற்குக் கிள்ளினார் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்து, தேன்கனிக்கோட்டையில் பரோட்டா கிடைத்ததும் மறந்துவிட்டேன்.

பத்து நாள் அந்தக் கரியோடு மாமா மல்லுக்கட்டினார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்க, பாலாடை நிறத்தில் ஒரு கிட்டார் வெளியே வந்தது. எண்ணெய் இறங்கிய பாகங்களைப் பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். ஒயர்களை மாற்றினார், கம்பிகளைக் கழற்றி எறிந்தார். கழுத்தை மட்டும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதிசயமாக அம்மாவைக் கூப்பிட்டார். "ஒரு நூல்கூட வளையல, அக்கா. ஆறு வருஷம் பொகையில தொங்கியிருக்குது. காய வேண்டியதெல்லாம் காஞ்சி முடிச்சிருச்சு. இனிமே இது அசையவே அசையாது." கருவேலங்குமிழைப் பிடுங்கி, குப்பைக்குப் போகும் டப்பாவில் போட்டார். நான் அதை எடுத்து என் பென்சில் பாக்ஸில் வைத்துக்கொண்டேன்.

பெட்டியில் மாட்டி அவர் முதல் தடவை கம்பியைத் தட்டியபோது சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இத்தனை சத்தத்தையா அந்தப் பெரியவர் அடுப்புக்கு மேலே கட்டிவைத்திருந்தார் என்று தோன்றியது. அன்றிலிருந்து எனக்குக் கற்றுக்கொடு என்று மாமாவின் உயிரை வாங்கினேன். பஸ்ஸில் அத்தனை தடவை ஒத்திகை பார்த்ததில், கிட்டார் கற்றுக்கொள்ளும் ஆசை எனக்கு நிஜமாகவே வந்துவிட்டது. பள்ளியில் பாடும் ஒரு பாட்டின் மெட்டை, வேறொரு சிவப்புக் கிட்டாரில், ஒற்றைக் கம்பியில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

பெரியவரின் கிட்டாரை வைகாசியில் பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் காரில் வைத்தார். "அப்போ தாத்தா வீட்டுப் படையலுக்கு?" என்று கேட்டேன். "அவருக்கு வேண்டியது சத்தம்தானே, எந்தக் கிட்டார்ல வந்தா என்ன" என்றார் மாமா. அடுத்த வாரம் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது.

ஆடி வந்தது. எந்தக் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு எங்கேயும் போகவில்லை நாங்கள். ஆடி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பச்சை கேட்டைத் தட்டும் சத்தம். வெள்ளைச் சட்டையும் தோளில் ஒரு மூட்டையுமாகப் பெரியவர் நின்றிருந்தார்.

"படையல் அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாப்புலயே ஒக்காந்திருந்தேன். பஸ்ஸு கெடைக்கலியோ என்னவோ, சின்னப் புள்ளய வெச்சிக்கினு எப்பிடி வருவாங்கன்னு நெனச்சிக்கினேன். அதான் நானே வந்துட்டேன் கண்ணு" என்றார். மூட்டையில் ராகி மாவு. அம்மாவிடம் கொடுத்தார். அவர் சொன்னதில் கோபம் துளியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் மாமா சமாளித்திருப்பார்.

மாமா உள்ளே போய் அந்தச் சிவப்புக் கிட்டாரை எடுத்துவந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

"இது செவப்பா இருக்குதே தம்பி?"

மாமா மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"புது பெயிண்ட் தாத்தா" என்றேன்.

"கம்பி?"

"அதும் புதுசு."

"அதேதானா கண்ணு இது?"

தலையாட்டினேன். அவர் கிட்டாரை மடியில் வாங்கி, அதன் முதுகையும் விளிம்பையும் மாடு வாங்குபவர்போல் தடவிக்கொண்டே வந்து, குமிழ் இருந்த இடத்தில் நிறுத்தினார். எனக்கு அழுகை முட்டியது. அப்போது ஒரு யோசனை வந்தது. அவர் செய்த குமிழை இதில் மாட்டிவிட்டால், இது அவருடைய கிட்டார் ஆகிவிடும். ஓடிப்போய்ப் பென்சில் பாக்ஸைத் திறந்து, கருவேலங்குமிழை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். "உங்க திருகு தாத்தா. நான் பத்திரமா வெச்சிருந்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. பிளாஸ்டிக் குமிழைக் கழற்றிவிட்டு, அதனடியில் இருந்த சிறு தண்டின்மேல் இதை வைத்தார். இறங்கவில்லை. அழுத்தினார். எடுத்து, ஓட்டையை ஊதி, வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். கட்டைவிரல் நகம் வெளுத்தது. குமிழ் தண்டின் தலையிலேயே நின்றது. மாமாவை நிமிர்ந்து பார்த்தார். மாமா ஸ்பீக்கர் பெட்டியின் ஒயரை நெடுநேரமாகச் சரிசெய்துகொண்டிருந்தார். பெரியவர் அப்புறம் என்னைப் பார்த்தார். என் கண்ணில் நீர் நின்றிருக்க வேண்டும்.

"மரமில்லையா கண்ணு, காஞ்சி சுருங்கிப்போச்சு" என்றார். குமிழை இடுப்பு மடியில் செருகிக்கொண்டார். "பரவால்ல. நீ வாசி."

வாசித்தேன். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கேட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இவ்ளோ சத்தமாடா வரும்" என்றார், எங்களைப் பார்க்காமல். எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று மாமா கேட்டபோது, "வேணாம் தம்பி, பாப்பாகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், வந்த பஸ்ஸே திரும்பும் என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நாங்களும் போகவில்லை.

இப்போது நான் இதே ஊரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். நாள் முழுக்கத் துளைக்குள் கேஜைவிட்டுப் பார்ப்பதுதான் வேலை. போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். அந்த இரண்டு கிட்டார்களின் குமிழ்த் தண்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இருந்திருக்காது. ஆனால் ஆறு வருடம் அடுப்புப் புகையில் காய்ந்த கருவேலங்கட்டை, சில மாதம் என் பென்சில் பாக்ஸில் கிடந்ததில் அதற்கு மேல் சுருங்குமா? காய வேண்டியதெல்லாம் காய்ந்துவிட்டது என்று மாமாவே சொன்னதுதானே? ஆயுள் முழுக்க ஏரும் நுகமும் செதுக்கிய மனிதருக்கு அது தெரியாதா? முதல் தடவை அழுத்தியபோதே அவருக்குத் தெரிந்திருக்கும். தன் மகனுடையது அந்த வீட்டில் இல்லை என்று தெரிந்தபிறகுதான் என்னை வாசிக்கச் சொன்னார். இது எனக்கு உறைத்தபோது எனக்கு இருபத்தைந்து வயது, கையில் கேஜ் இருந்தது. அன்று லைனை நிறுத்தியதற்காகச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

ஒன்பது வயதில் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். அடுத்த வருடம் அறிவியல் வகுப்பில், மரம் காய்ந்தால் என்ன ஆகும் என்று டீச்சர் கேட்டபோது முதலில் எழுந்து பதில் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

பெரியவர் வந்துபோன அன்று ராத்திரி அம்மா அந்த ராகி மாவில் களி கிண்டினாள். மாமா வயிற்றுவலி என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். எனக்கு நல்ல பசி. தாத்தா இரண்டு தடவை கேட்டாரே என்ற சந்தோஷம் வேறு. என் உருண்டையைத் தின்றுவிட்டு, மாமாவின் உருண்டையையும் நானே தின்றேன்.