தலைமாட்டில் வைத்த வேதம்

"வேத ஸ்திரீ திருமதி ஜெபமணி. விதவை, வயது நாற்பத்தெட்டு. ஒரகடம், வல்லம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நாள்தோறும் வீடுவீடாகச் சென்று, வேதாகமத்தைத் திறந்து, ஸ்திரீகளுக்கு வாசித்துக் காட்டி விளக்கம் கூறி வருகிறார்."

அறுபத்து மூன்றாம் வருஷத்துச் சபை அறிக்கையில் இப்படி அச்சாகியிருக்கிறது. இதில் விதவை என்பது உண்மை. வயது ஏறக்குறைய உண்மை. வெயில் மழை பாராமல் வீடுவீடாகப் போனதும் உண்மைதான். வேதாகமத்தைத் திறந்தார் என்ற இடத்தில்தான் அறிக்கை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

வேத ஸ்திரீ என்றால் பெண்களுக்கு பைபிள் வாசித்துக் காட்டுவதற்கென்றே சபை சம்பளம் கொடுத்து வைத்த பெண். அதற்காகத்தான் ஜெபமணிக்குக் கோயிலுக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஓர் அறையும், கறுப்பு அட்டை போட்ட கனமான ஒரு பைபிளும் கொடுத்திருந்தார்கள். பைபிளைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் காலையில் கிளம்புவார். சாயங்காலம் அதே பையோடு திரும்புவார். இடையில் அது வெளியே வருவது அபூர்வம். பையைத் திறக்காமலே ஊரைச் சுற்றிவிட்டு வரும் தபால்காரரை எந்தச் சர்க்கார் வைத்துக்கொள்ளும்? சபை வைத்துக்கொண்டிருந்தது. தெரியாததனால்.

படிக்கத் தெரியாதவர் அல்ல ஜெபமணி. போர்டிங் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒழுங்காகத் திறந்து வாசித்தவர்தான். ஆனால் புத்தகத்தைக் கண்டதும் பெண்கள் ஓடிப்போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார்கள். அட்டையில் மஞ்சளும் சந்தனமும் தடவிக் குங்குமம் வைத்தார்கள். ஒருத்தி கற்பூரமே ஏற்றிவிட்டாள். பிறகு எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்தார்கள். என்ன வாசித்தாலும் ஒன்றுதான். யாரும் காதில் வாங்கவில்லை. சாமி புத்தகம் கும்பிடுவதற்கு. கேட்பதற்கு என்று யார் சொன்னார்கள்? புத்தகம் பைக்குள் போன மறு நிமிஷம் புருஷன், மாமியார், வயிற்றுவலி, காணாமல் போன ஆடு என்று அத்தனையும் வெளியே வரும். ஜெபமணி கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டு முடித்ததும் இரண்டு வார்த்தை ஜெபம் சொல்வார். நாளாக ஆக, புத்தகம் பையிலேயே தங்கிவிட்டது.

இதற்கு அவர் ஒரு நியாயமும் வைத்திருந்தார். கடவுளுடைய வார்த்தை என்பது ஆள்; உயிரோடு வந்து பக்கத்தில் உட்காருகிற ஆள். வல்லத்து ஏரிக்கரையில் தனியாக நடக்கும்போது கூட ஒருவர் நடப்பது அவருக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். அப்படியிருக்கப் புத்தகம் எதற்கு?

ஒரகடத்தில் டீக்கடை வைத்திருந்த சூசைராஜ் கத்தோலிக்கர். இந்த விஷயத்தில் ஜெபமணிக்கு அவர்தான் துணை. அதுவும் அவரை வம்புக்கு இழுக்கிற துணை.

"உங்க கோயில்ல புஸ்தகம் கீது, சாமி இல்லக்கா," என்பார் அவர். "எங்க கோயில்ல சாமி கீறாரு, புஸ்தகத்த எவனும் தொடமாட்டான். பீடத்துல செவப்பு வெளக்கு எரியுது பாரு, அவரு உள்ள கீறாருன்னு அர்த்தம்."

"எண்ணெ தீந்துபோனா எங்க போவாரு?"

"இங்கதான். டீ சாப்ட."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஏசுதாஸ் ஐயர் மாற்றலாகி வரும்வரை. சபைக் குருமாரை ஐயர் என்பது வழக்கம். பூணூலைத் தேட வேண்டாம். திருநெல்வேலிக்காரர், வேதக் கல்லூரியில் படித்தவர், சைக்கிளிலேயே சுற்றுபவர். வேதத்தில் ஒரு புள்ளி ஒரு கோடு கூட மனுஷன் வைத்ததல்ல என்பது அவர் கட்சி. வந்த முதல் வாரமே ஜெபமணியின் பைபிளை வாங்கிப் பார்த்தார். அட்டை முழுக்க மஞ்சள். உள்ளே முன்பாதியான பழைய ஏற்பாடு சந்தனத்தில் ஊறிக் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது? புஸ்தகத்தைக் கும்பிடுதாகளா?"

"நீங்கதான ஐயரே அது கடவுள் வார்த்தன்றீங்க. அவங்க அத நம்பிட்டாங்க."

ஐயருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வந்ததை அடக்கிக்கொண்டார். ஒட்டிய தாள் எத்தனை வருஷமாக ஒட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? வாசிப்பதில்லையா என்று நேராகவே கேட்டார். ஜெபமணி நேராகவே சொன்னார்.

"ஆளு வராதப்பதான் ஐயரே கடுதாசி. அவருதான் வராரே."

ஐயர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் புத்தகத்தைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வாறது அவர்தான்னு உங்களுக்கு யாரு சொன்னா, ஜெபமணியம்மா? இந்தக் கடுதாசிதானே?"

ஐயர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தானும் கூட வருவதாகவும், எந்த வீடானாலும் சரி, சபை கொடுத்த இந்தப் புத்தகத்தைத் திறந்து அவர் வாசிப்பதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடும்படி மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும். வேலை போனால் அறையும் போகும். ஜெபமணிக்கு வேறு வீடு கிடையாது. அண்ணன் வீட்டில் அண்ணி இருந்தாள்.

ஆனால் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது அறை அல்ல, அந்தக் கேள்விதான். ஏரிக்கரையில் கூட நடப்பவர் யாரென்று தனக்கு எப்படித் தெரியும்? பெயர் எங்கிருந்து வந்தது? அந்த வாரம் முழுக்க அவர் பக்கத்தில் பார்த்துப் பார்த்து நடந்தார். நடப்பவர் நடந்துகொண்டுதான் இருந்தார். பெயர் மட்டும் சொல்லவில்லை.

இந்த நேரம் பார்த்து வல்லத்தில் கோவிந்தம்மா நோயில் படுத்தாள். தசரதனின் மனைவி, ஏரிப் பாசனத்தில் நல்ல நஞ்சை வைத்திருந்த குடும்பம். ஜெபமணி பிறந்த சேரித்தெருவிலிருந்து யார் வந்தாலும் அந்த வீட்டில் வாசலோடு சரி. பத்து வருஷமாக ஜெபமணி அந்த வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். கோவிந்தம்மா நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்துகொள்வாள். நடுவில் ஒரு படி. அந்தப் படிக்கு மேலாகவே இரண்டு பேரும் பேசித் தீர்த்த கதைகள் ஏராளம்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்து, மூடி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. மாரியம்மன் கோயில் விபூதி வந்தது. தர்காவில் மந்திரித்த கயிறு மணிக்கட்டில் ஏறியது. தசரதன் வாசலுக்கு வந்து, உங்கள் புத்தகத்தையும் கொடுங்கள், தலைமாட்டில் வைத்தால் வலி குறையும் என்கிறாள் என்று கேட்டார். ஜெபமணி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். புத்தகம் படி தாண்டி உள்ளே போயிற்று. ஜெபமணி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

இதை அவர் பிறகு நினைத்துப் பார்த்திருக்கிறார். உயிருள்ள ஆள் போக முடியாத இடத்துக்குக் காகிதம் போயிற்று. ஐயரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வேறொரு பைபிளை யாரிடமாவது இரவல் வாங்கலாம். ஆனால் சபை கொடுத்தது எங்கே என்று ஐயர் கேட்பார். விபூதிக்கும் தர்கா கயிற்றுக்கும் நடுவில் ஒரு தலையணைக்கடியில் இருக்கிறது என்று சொன்னால், மேலிடத்துக்குக் கடிதம் அன்றைக்கே போய்விடும். ஐயர் வருவதற்குள் வாங்கி வந்துவிடலாம் என்று ஜெபமணி காலையிலேயே வல்லத்துக்கு நடந்தார்.

வாசலில் தசரதன் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். ஜெபமணி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவர் மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, எடுத்து வருவதற்காக உள்ளே திரும்பினார். அப்போது உள்ளிருந்து கோவிந்தம்மாவின் குரல் வந்தது. மெலிந்திருந்தாலும் அதிகாரம் குறையாத குரல்.

"நீ இன்னாத்துக்கு எடுக்கற? அவங்க பொருள அவங்களே வந்து எடுத்துக்கட்டும்."

தசரதன் நின்றார். மனைவி இருக்கும் திசையைப் பார்த்தார், ஜெபமணியைப் பார்த்தார், பிறகு எருமையைப் பார்த்தார். தவிடு இன்னும் சரியாகக் கலக்கவில்லை என்று திடீரெனத் தோன்றியவர் போலக் குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கலக்கத் தொடங்கினார். அவரால் முடிந்த சம்மதம் அதுதான்.

ஜெபமணி படி ஏறி உள்ளே போனார்.

கோவிந்தம்மாவின் தலை புத்தகத்தின் மேல்தான் இருந்தது. எடுக்க வேண்டுமானால் அந்தத் தலையைத் தூக்க வேண்டும். ஜெபமணி தூக்கவில்லை, தரையில் உட்கார்ந்தார். வழக்கம்போலக் கேட்பதற்குத் தயாரானார். கோவிந்தம்மாவிடம் சொல்வதற்கு ஒன்றும் மீதி இல்லை.

"பத்து வருஷமா நான் பேசிக்கினே கீறேன், நீ கேட்டுக்கினே கீற," என்றாள். "ராத்திரி பகல் இதும்மேலதான் தல வெச்சிக்கினு கீறேன். உள்ள இன்னாதான் எழுதிக்கீது? படியேன்."

அவளே ஒரு பக்கமாகத் தலையைத் தூக்கிக் கொடுத்தாள். ஜெபமணி புத்தகத்தை மடியில் வைத்தார். நல்ல ஆறுதலான பகுதியாகத் தேடலாம் என்றால், முன்பாதி சந்தனத்தில் ஒட்டிப்போய்க் கட்டையாக இருந்தது. பின்பகுதி நமத்துச் சுருண்டிருந்தது. தாள் கிழியாமல் திறந்த ஒரே இடம் புதிய ஏற்பாட்டின் முதல் பக்கம். அங்கே இருப்பது வம்ச வரிசை. ஆபிரகாமில் தொடங்கி அப்பன், பிள்ளை, அப்பன், பிள்ளை என்று பெயராகவே போகும். சாகக் கிடப்பவளுக்கு வாசிக்க அதைவிடப் பொருந்தாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜெபமணி வெட்கத்தோடு வாசித்தார்.

கோவிந்தம்மா கண்ணை மூடவில்லை, கைகூப்பவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினாள். வாசலிலிருந்து தசரதனும் காது கொடுத்தார்.

"ஒரு அப்பன் பேரக் கூட வுடலியே," என்றார். "பாகப்பிரிவினை பத்திரம் மாதிரியில்ல கீது."

"பொம்பளைங்க பேரு வராதா?" என்றாள் கோவிந்தம்மா.

"நாலஞ்சு பேரு வராங்க."

"நாலஞ்சு பேரா? அப்ப மிச்சம் ஆம்பளைங்கள யாரு பெத்தாங்களாம்?"

ஜெபமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்களில் ஒருத்தி கதையைச் சொன்னார்: புருஷன் செத்த பிறகும் மாமியாரை விடாமல் வேற்று ஊருக்கு வந்து, அறுத்த வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்தவள். கோவிந்தம்மா முழுவதும் கேட்டாள். பிறகு, அவள் பேர் வருகிற இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னாள். பேர் நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

ஐயர் சைக்கிளை வாசலில் சாத்தியது இந்த நேரத்தில்தான். அறையில் ஜெபமணியைக் காணாமல் சூசைராஜிடம் வழி கேட்டு வந்திருந்தார். வாசலில் நின்றபடியே வாசிப்பைக் கேட்டார். அந்த அதிகாரத்தைப் பற்றி அவர் ஒருநாளும் பிரசங்கம் செய்ததில்லை. எல்லாரும் தாண்டிப் போகிற இடம் அது, அவரும் தாண்டியவர்தான். வேறு பகுதி வாசிக்கலாமே என்று மெதுவாக வாயெடுத்தார்.

"யாரா இருந்தாலும் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு," என்றது உள்ளேயிருந்து குரல். "பேரு வுட்டுப்பூடும்."

வேதக் கல்லூரியில் படித்த ஏசுதாஸ் ஐயர் வாசல் மண்ணில் உட்கார்ந்தார். பத்து வருஷமாக ஜெபமணி உட்கார்ந்திருந்த அதே இடம். பெயர்கள் எல்லாம் முடியும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

திரும்பும்போது புத்தகம் பையில் இல்லை. அது மறுபடியும் தலைமாட்டுக்குப் போயிருந்தது. ஐயர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரையில் கூடவே நடந்தார். ஜெபமணி பரீட்சையில் தேறிவிட்டதாகவே அவர் நடந்துகொண்டார். ஜெபமணிக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னிக்குத்தான் ஐயரே வாசிச்சேன். அவ கேட்டதால."

"தெரியும்." கொஞ்ச தூரம் போன பிறகு ஐயர் சொன்னார்: "பதினஞ்சு வருஷமா வாசிக்கேன், அம்மா. உள்ள என்ன இருக்குன்னு என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல."

கூட நடப்பவர் யாரென்று எப்படித் தெரியும் என்ற அவருடைய பழைய கேள்விக்கு இது பதிலா என்று ஜெபமணிக்குத் தெரியவில்லை. புத்தகத்தினால் உள்ளே போனோமா, உட்கார்ந்திருந்ததனால் வாசிக்கச் சொன்னார்களா என்பதையும் அவரால் பிரிக்க முடியவில்லை. ஐயராலும் முடியவில்லை என்றே தோன்றுகிறது. அவர் மேலிடத்துக்கு எழுதியது, இந்தக் கதையின் தொடக்கத்தில் இருக்கிற அந்த வரிகளைத்தான்.

கோவிந்தம்மா அறுவடைக்கு முன் இறந்துபோனாள். ஞானஸ்நானம் பெறவில்லை, நெற்றியில் விபூதியும் கையில் தர்கா கயிறும் அப்படியே இருந்தன. பாடை கட்டும்போது தசரதன் வெளியே வந்தார்.

"புஸ்தகத்த எடுத்துக்கங்கம்மா. இல்லாங்காட்டி அதும் கூட எரிஞ்சிபூடும்."

"அவ தலைக்கடியிலயே இருக்கட்டும்," என்றார் ஜெபமணி.

வேத ஸ்திரீக்குப் புதிய வேதாகமம் ஒன்று வேண்டும் என்று ஏசுதாஸ் ஐயர் அந்த மாதமே விண்ணப்பம் அனுப்பினார். காரணம் என்ற இடத்தில், தேய்மானம் என்று எழுதியிருந்தார்.

அதன் பிறகும் ஜெபமணி வீடுவீடாகப் போனார். போன வீட்டில் உட்கார்ந்தார், சொன்னதைக் கேட்டார். யாராவது படிக்கச் சொன்னால் படித்தார்.