டப்பாவில் இருந்த நாலு கயிறு

துபாய்க்குத் தனியாகப் போகிறேன் என்றதும் பஹ்ரைனில், குதைபியாவில் எங்கள் கட்டடத்துப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். "வீட்டுக்காரர் வரலையா?" என்று மாடிக்கு ஒருத்தியாகக் கேட்டார்கள். வரவில்லை. அவருக்கு ஆபீஸில் கணக்கு முடிக்கிற சமயம், லீவு கிடையாது. நான் டீச்சர், எனக்குப் பள்ளிக்கூடம் ஒரு வாரம் மூடியிருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க என்று சொல்லி அவர் கம்பெனி மூலமாக விசா வாங்கினோம். எழுபதுகளின் நடுவில் பஹ்ரைனிலிருந்து துபாயைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய ஒரே திருநெல்வேலிக்காரி நானாகத்தான் இருப்பேன். அங்கே என்ன இருந்தது சுற்றிப் பார்க்க, மண்ணாங்கட்டி! நான் போனது என் தம்பியைத் தேடி.

தம்பி புரட்டாசியில் பம்பாயிலிருந்து லாஞ்சு ஏறினான். லாஞ்சு என்றால் கள்ளத்தோணிதான். பாஸ்போர்ட்டு கிடையாது, விசா கிடையாது, சரக்கோடு சரக்காக ஆட்களை அடைத்துக்கொண்டு வந்து கிழக்குக் கரையில் கோர்பக்கான் பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஏறுகிற அன்றைக்கு ஒரு கார்டு போட்டான். அதற்குப் பிறகு மூச்சு பேச்சு இல்லை. தீபாவளி போய், பொங்கல் போய், பங்குனியும் பிறந்துவிட்டது.

ஊரில் அவன் பெண்சாதி இருந்தாள். "மதினி, அவுக இருக்காகளா இல்லியா, ரெண்டுல ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எதுன்னாலும் தாங்கிக்கிடுவேன்" என்று எழுதியிருந்தாள். பூ வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெண் எத்தனை மாசம் கண்ணாடி முன்னால் நிற்பாள்? அவளுக்கு ஒரு பதில் வேண்டும். அதற்காகத்தான் நான் கிளம்பினேன்.

அவன் வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்று நான் லீவில் ஊரில்தான் இருந்தேன். ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக அவள் தாலிச் சங்கிலியை விற்றுவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தாள். அவன் டிரங்குப் பெட்டியைக் குனிந்து தூக்கினான், இடுப்பில் கிடந்த அரைஞாண் கயிறு பட்டென்று அறுந்துபோனது. வண்டி வாசலில் நிற்கிறது, கறுப்புக் கயிற்றுக்கு எங்கே போவது? அவள் தாலிக்கு வாங்கியதில் மிச்சம் கிடந்த மஞ்சள் கயிற்றை எடுத்து, தானே இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

"ஏலே கோட்டிக்காரா, அது பொம்பளைக கழுத்துல கட்டுறதுலே!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும்க்கா. ஆம்பள வெறும் இடுப்போட போகக்கூடாதுல்லா? மொதச் சம்பளத்துல வெள்ளிக்கொடி வாங்கிக் கட்டிக்கிடுதேன்" என்றான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சகுனம் கிகுனம் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

துபாயில் என் காலேஜ் சிநேகிதி ஒருத்தி தேராவில் குடியிருந்தாள். அவளும் புருஷனும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். முதல் நாள் மட்டும் அவள் புருஷன் லீவு போட்டுவிட்டு என்னைக் காரில் ஷார்ஜாவுக்குக் கூட்டிப்போனார். நல்ல மனுஷர். ஆனால் இஸ்திரி போட்ட பேண்ட், கறுப்புக் கண்ணாடி, பளபளவென்று ஷூ. கட்டடம் கட்டுகிற ஒரு சைட்டில் கார் போய் நின்றதுதான் தாமதம், சாரத்தில் நின்றவர்கள் தபதபவென்று குதித்து ஓடினார்கள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒருவன், சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் ஒருவன். செக்கிங் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள் பாவிகள். அத்தனை பேரும் லாஞ்சில் வந்தவர்கள். "நாளைக்கு நான் தனியாவே போறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாதா நூல் புடவையைக் கட்டிக்கொண்டு, கூடைப் பையோடு ஷேர் டாக்சி பிடித்து அதே சைட்டுக்குப் போனேன். நடுவில் போய் நின்று, "இங்கன திருநெல்வேலிப் பக்கத்து ஆளு யாரும் உண்டுமா?" என்று ஒரு சத்தம் போட்டேன். ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்து, குளிர்ந்த சோடாவும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா, அக்கா என்று ஒரே கூப்பாடு. ஒருவன் என் பேச்சைக் கேட்டுக்கொண்டே நின்று அழுதான். ஏன் அழுகிறாய் என்றால் சும்மா என்றான்.

ஆனால் பேரைச் சொல்லித் தேடுவது அந்த ஊரில் வீண்வேலை. எல்லாருக்கும் ரெண்டு பேர். பெற்றவர்கள் வைத்தது ஒன்று, ஏஜெண்ட் வைத்தது ஒன்று. தம்பியின் கல்யாணப் போட்டோவைக் கொடுத்தேன். கை மாறிக் கை மாறிப் போனது. "பாத்த மாதிரித்தான் இருக்கு அக்கா." எல்லாரும் இதையே சொன்னார்கள். அடுத்த சைட், அதற்கடுத்த சைட், கராஜ், ரொட்டிக்கடை. கடைசியில் எரிச்சல் வந்து, "பாக்காட்டிப் பாக்கலைன்னு சொல்லுங்கய்யா, என் மனசு நோகுமேன்னு சொல்லாதீங்க" என்று எரிந்து விழுந்தேன். அதற்கும் அவர்கள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறியதும் சைட்டெல்லாம் தூங்கிவிடும். அந்த நேரத்தில் நான் டூரிஸ்ட். ஊருக்கு நடுவில் ஓடுகிற க்ரீக் கரையில் படகேறி அந்தப் பக்கம் போவேன், திரும்பி இந்தப் பக்கம் வருவேன். கரையோரம் வரிசையாக லாஞ்சுகள் கட்டிக் கிடக்கும். வெள்ளைக்காரர்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போவார்கள். ஒரு வயசான ஜோடி என்னிடம் கேமராவைக் கொடுத்து, ஒரு லாஞ்சைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கச் சொன்னது. அயர்லாந்தாம். தங்கள் ஊரும் இப்படித்தான் கடலோரம், ஆனால் எந்நேரமும் மழை என்றார்கள். "நீயும் விடுமுறைக்கு வந்தாயா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த லாஞ்சின் அடித்தட்டு எனக்குத் தெரிந்தது. ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார முடியாது. அதையும் சேர்த்துத்தான் படம் எடுத்துக் கொடுத்தேன்.

ரெண்டு நாள் கழித்து ராமநாதபுரத்துக் கொத்தனார் ஒருவர் அகப்பட்டார். அந்தப் புரட்டாசி லாஞ்சில் வந்தவர். போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்த மாதிரி இருக்கு என்று சொல்லவில்லை.

"முகம் தெரியாது தாயி. உள்ள ஒரே இருட்டு. கடல்ல ஒரு பாறை உண்டு, அதுகிட்ட லாஞ்சுக்காரன் நிப்பாட்டிட்டு, கரை வந்திருச்சு, கழுத்தளவு தண்ணிதான், யல்லா, குதின்னுட்டான். குதிச்சவன் எவனுக்கும் கால் எட்டல."

"எந்தம்பி ஆத்துல வளந்தவன். வெள்ளத்துலயே அக்கரைக்கு நீந்திப் போவான்" என்றேன்.

அவர் கீழே பார்த்தார். "நீந்தத் தெரிஞ்சவங்கதான் தாயி மொதல்ல குதிச்சாங்க. எனக்குத் தெரியாது, பயந்துக்கிட்டுப் பலகையப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அப்புறமா மீன்காரன் படகுல கொண்டாந்து விட்டாங்க. அந்த மீன்காரக் குடியிருப்புல போய்க் கேளுங்க. கரை ஒதுங்குனதையெல்லாம் அவங்கதான் அடக்கம் பண்ணுனாங்க."

ஒதுங்குனது என்றார். ஒதுங்கினவர்கள் என்று சொல்லவில்லை.

கோர்பக்கானுக்கு ஒரு பட்டாணிய டாக்சிக்காரர் கூட்டிப்போனார். மலையைக் குடைந்து ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள், பாதி வழி வெறும் சரளைக்கல். கடைசி வளைவில் திரும்பியதும் கடல் தெரிந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. "அச்சா ஹை நா, பெஹன்?" என்று அவர் பெருமையாகக் கேட்டார். நாசமாய்ப் போகிற கடல் என்று தமிழில் திட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

மீன்காரக் குடியிருப்பில் ஆண்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பெண் என்பதால் என்னை ஒரு மீனவர் வீட்டுக்குள் அனுப்பினார்கள். என் வயசுதான் இருக்கும் அந்த மீனவர் மனைவிக்கு. முகத்தில் திரை போட்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் கழற்றிவிட்டாள். காப்பியும் பேரீச்சம்பழமும் வைத்தாள். குதைபியாவில் பக்கத்து வீட்டுக்காரியிடம் கற்றுக்கொண்ட அரைகுறை அரபியில் விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை எடுத்துவந்து பாயில் கவிழ்த்தாள்.

நாலு கயிறு. அரைஞாண் கயிறு.

மூன்று கறுப்பு. ஒன்று வெள்ளை. நாலும் கத்தியால் அறுத்தது, முடிச்சு அப்படியே இருந்தது. குளிப்பாட்டும்போது தன் புருஷன்தான் அறுத்தார் என்றாள். உடம்பில் ஒன்றும் இல்லாமல்தான் மண்ணுக்குள் வைப்பார்களாம். நம் ஊரிலும் அதைத்தானே செய்கிறோம், அரைஞாண் கயிறுகூடக் கூட வராது என்று சொல்லிக்கொண்டு! யாராவது கேட்டு வருவார்கள் என்று எடுத்துவைத்தாளாம். "எதற்காக இடுப்பில் கயிறு கட்டுகிறீர்கள்?" என்று கேட்டாள். குழந்தையாக இருக்கும்போது அம்மா கட்டுவாள் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அரபி வரவில்லை. "மிஸ்கீன், மிஸ்கீன்" என்று பரிதாபப்பட்டு என் முதுகைத் தடவினாள்.

வெள்ளைக் கயிற்றைக் கையில் எடுத்தேன். முறுக்கு நூல். தாலிக்கயிறும் முறுக்கு நூல்தான். முகர்ந்து பார்த்தேன், உப்பு வாசனைதான் வந்தது. மஞ்சள் கயிறு உப்புத் தண்ணீரில் ஊறினால் எத்தனை நாளுக்கு மஞ்சளாக இருக்கும்? சிவப்புக் கயிறும் வெளுக்கும்தானே? எவன் பெற்ற பிள்ளையோ சிவப்பு கட்டியிருந்திருக்கலாமே? இப்படி நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கறுப்பு மட்டும் ஏன் வெளுக்கவில்லை என்று கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த நாலு பேரையும் வைத்த இடத்தை வாசலில் நின்று கை காட்டினாள். தலைமாட்டில் கல், கால்மாட்டில் கல், பேர் இல்லை. வேற்று ஊர் மண்ணில், கொள்ளி வைக்க ஆளில்லாமல். ஐயோ என் ராசா என்று அங்கேயே உட்கார்ந்து கதறிவிட்டேன். நாலில் எது என்று தெரியாமல் நாலுக்கும் சேர்த்துத்தான் அழுதேன். டாக்சிக்காரர் வண்டியை விட்டு இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைக் கயிற்றை நான் எடுத்துக்கொண்டேன். மீதி மூன்றையும் அவள் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள்.

கோடை லீவுக்கு ஊருக்குப் போனேன். எழுத்தில் சொல்லுகிற விஷயமா இது? நேரில் சொல்லத்தான் காத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை. அவள் தலைக்குக் குளித்துவிட்டுப் புறவாசலில் உட்கார்ந்து கல்லில் மஞ்சள் உரசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். பாறை, கழுத்தளவு தண்ணீர், நாலு கல். எதற்கும் அவள் நிமிரவில்லை. கடைசியில் கயிற்றை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது வெள்ளக் கயிறுல்லா மதினி" என்றாள். "அவுக கட்டிக்கிட்டுப் போனது மஞ்சக் கயிறு. நீங்களும்தான பாத்தீக?"

"ஆமா, பாத்தேன்."

"அப்போ இது வேற யாரோ. பாவம், எந்தத் தாய் பெத்த பிள்ளையோ." என் கையிலேயே திரும்ப வைத்தாள். ரெண்டில் ஒன்று சொல்லச் சொன்னாளே, எதுவானாலும் தாங்கிக்கொள்வேன் என்றாளே, அவள்தான்.

அவள் தன் கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்து, உரசின மஞ்சளைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"போன வெள்ளிக்கெழமதான் தேச்சேன். வெறும் கெணத்துத் தண்ணிதான், அதுக்குள்ள எப்பிடி வெளுத்துப் போச்சு பாருங்க" என்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் கை நின்றது. பிறகு கல்லில் தண்ணீர் தெளித்து, இன்னும் கொஞ்சம் மஞ்சள் உரசினாள்.